பிடி சுற்றுகிறது, தண்ணீர் நிற்கவில்லை

கேள்வி: பெங்களூரு அல்சூரில் சொந்த வீடு, 1987-ல் மாமனார் கட்டியது. சமையலறை சிங்குக்கு அடியில் இரண்டு ஆங்கிள் காக் (குழாய்க்குப் போகும் தண்ணீரை மூடும் சின்ன வால்வு). ஒன்று காவிரிக் குடிநீர் நேர் லைன், இன்னொன்று மேல் தொட்டி லைன். குழாய் ஒழுகுகிறதே என்று மூடப் போனால், ஒன்று அசையவே மாட்டேன் என்கிறது. மற்றது சுற்றிக்கொண்டே போகிறது, தண்ணீர் நிற்கவில்லை. பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, "ரெண்டையும் மாத்திடலாம்மா, ஆனா சுவத்த உடைச்சு மொத்த பைப்பையும் மாத்துறதுதான் நல்லது" என்கிறார். கடையில் 150 ரூபாய்க்கும் காட்டுகிறார்கள், 900 ரூபாய்க்கும் காட்டுகிறார்கள். எதை வாங்குவது? சுவரை உடைக்கத்தான் வேண்டுமா?

பதில்: எதை வாங்குவது என்பதைப் பிறகு சொல்கிறேன். உங்கள் பணத்தைத் தின்னப் போவது அந்த வால்வு இல்லை, அது திருகியிருக்கும் சுவருக்குள் இருக்கிற பைப். 1987 வீடென்றால் அநேகமாக ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு பைப்தான். மரை வெட்டிய இடத்தில் பைப்பின் கனமும் குறைந்திருக்கும், துருப் பிடிக்காமலிருக்கப் பூசிய துத்தநாகமும் போயிருக்கும். அதில் பித்தளை வால்வைத் திருகி நடுவில் தண்ணீரும் ஓடினால், அரிபடுவது இரும்புதான். வெளியே குரோம் பளபளவென்று இருக்கும், உள்ளே மரை பிஸ்கட் மாதிரி உதிரும்.

என் வீட்டுக் கதையைக் கேளுங்கள். 14 இஞ்ச் ரெஞ்சைப் போட்டு பிளம்பர் ஒரு அழுத்து அழுத்தினார். 'டக்' என்று ஒரு சத்தம். வால்வு கையோடு வந்தது, அதற்குள் துருப்பிடித்த ஒரு வளையம்: சுவருக்குள் இருக்க வேண்டிய நிப்பிளின் (மரை வெட்டிய குட்டி இணைப்புப் பைப்) பாதி. தண்ணீர் நெஞ்சு உயரத்துக்கு அடித்தது. மாடிக்கு ஓடித் தொட்டி வால்வை மூடினேன், நிற்கவில்லை. அன்று காவிரி விடும் நாள். அந்த லைன் தொட்டிக்கே போகாமல் மீட்டரிலிருந்து நேராகச் சமையலறைக்கு வருகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. மீட்டர் பக்கத்து வால்வைத் தேடினால், அதன்மேல் நாங்களே வைத்த துளசித் தொட்டி. காவிரி நீரேற்று நிலையம் இருக்கும் தொரேகாடனஹள்ளியிலிருந்து நூறு கிலோமீட்டர் ஏறி வருகிற தண்ணீர், அரை மணி நேரம் எங்கள் சமையலறைத் தரையில் ஓடியது.

அதனால் முதல் வேலை கடைக்குப் போவதில்லை. உங்களுக்கு இரண்டு லைன், ஆகவே மூடும் இடமும் இரண்டு. தொட்டிக்குக் கீழே உள்ள கேட் வால்வையும் மீட்டர் பக்கத்து வால்வையும் முந்தின நாளே மூடி, சமையலறைக் குழாய் இரண்டும் சொட்டு விடாமல் நிற்கின்றனவா என்று பாருங்கள். பல வருடம் தொடாத கேட் வால்வு முழுசாக மூடாது. அப்படியென்றால் தொட்டியைக் காலி செய்துவிட்டு வேலையை வையுங்கள். காவிரி லைனுக்கு, தண்ணீர் விடாத நாளைத் தேர்ந்தெடுங்கள்.

கழற்றும் விஷயத்தில் அவசரம் கூடாது. முந்தின ராத்திரியே மரை சேரும் இடத்தில் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்துவிடச் சொல்லுங்கள். காலையில் முதலில் ஒரு நூலளவு இறுக்கி, பிறகு தளர்த்த வேண்டும். எடுத்ததும் முரட்டுத்தனமாகத் திருப்புகிறவரை நிறுத்துங்கள், வீடு உங்களுடையது. நிப்பிள் உள்ளே உடைந்தாலும் உடனே சுத்தியல் எடுக்க வேண்டியதில்லை. உடைந்த துண்டை உள்ளிருந்து பிடித்துத் திருகி எடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் இருக்கிறது. அது அவரிடம் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

சுவரை உடைப்பது எப்போது? காலையில் முதல் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தால், மற்றக் குழாய்கள் நன்றாக வரும்போது சமையலறையில் மட்டும் நூல் மாதிரி வந்தால், சுவரை ஒட்டிய வட்டத் தகட்டைச் சுற்றிப் பழுப்புக் கசிவு இருந்தால், அந்தப் பைப் போய்விட்டது. அப்போதும் நான் டைல்ஸை உடைக்க மாட்டேன். பழைய லைனை அடைத்துவிட்டு, சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப்பைச் சுவருக்கு வெளியே, மேடைக்கு அடியிலேயே ஓட்டிவிடுவேன். சிங்க் அலமாரிக்குள் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? மேற்சொன்ன அறிகுறி எதுவும் இல்லையென்றால், 'மொத்தமும் மாத்தணும்' என்பதற்கு இப்போதைக்குத் தலையாட்டாதீர்கள்.

இனி வாங்குவது. உங்களுக்கு வேண்டியது அரை இஞ்ச், அதாவது 15 மி.மீ. கையில் எடுத்து எடை பாருங்கள், பிறகு மரைக்கு உள்பக்கம் எட்டிப் பாருங்கள். குரோம் பூச்சு உள்ளே ஏறியிருக்காது. மஞ்சள் தெரிந்தால் பித்தளை, மங்கிய சாம்பல் நிறமென்றால் துத்தநாகக் கலவை. 150 ரூபாய்க்கு மினுக்குவது பெரும்பாலும் பின்னதுதான். காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள், இரண்டிலுமே ஒட்டாது, பிரயோஜனமில்லை. பித்தளைக் குழாய்களுக்கும் ஸ்டாப் வால்வுகளுக்கும் ஐ.எஸ். 8931 என்று ஒரு தரநிலை இருக்கிறது, பெட்டியில் அது போட்டிருக்கிறதா பாருங்கள்.

கால் சுற்றில் மூடும் பீங்கான் தட்டு வகையை வாங்குங்கள். பழைய மாதிரி பல சுற்றுத் திருகுவதில் வாஷர் தேயும், ஸ்பிண்டில் (பிடியின் தண்டு) மரையும் தேயும். உங்கள் வீட்டில் சுற்றிக்கொண்டே போவது இந்தக் கேஸ்தான். அசையாத இன்னொன்று உப்புப் படிந்து இறுகியிருக்கும், தொட்டியில் போர்வெல் தண்ணீர் கலந்தால் இது சகஜம். பீங்கான் தட்டிலும் உப்புப் படியத்தான் செய்யும். அதனால் அந்தத் தட்டுகள் அடங்கிய உள்பாகம், கார்ட்ரிட்ஜ், தனியாகக் கிடைக்கும் கம்பெனியாகப் பாருங்கள். ஹார்டுவேர் கடைகள் இருக்கும் எஸ்.ஜே.பி. ரோடு பக்கம் போகிறவர்கள் வால்வோடு ஒரு கார்ட்ரிட்ஜையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆர்.ஓ. மெஷின் இருந்தால் இரண்டு வாய் உள்ள ஆங்கிள் காக் கேளுங்கள், அதற்கென்று தனியாக 'T' வடிவ இணைப்பு போட வேண்டாம்.

கனெக்‌ஷன் ஹோஸையும் கூடவே மாற்றிவிடுங்கள், பழசைத் திரும்ப மாட்டுவது கஞ்சத்தனம். ஹோஸ் முனையில் ரப்பர் வாஷர் இருப்பதால் அங்கே டெஃப்லான் டேப் தேவையில்லை. டேப் சுவர்ப் பக்க மரைக்குத்தான், அதையும் திருகும் திசையிலேயே சுற்ற வேண்டும். வேலை முடிந்ததும் இணைப்பைத் துடைத்து, ஒரு டிஷ்யூவைச் சுற்றி ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் அது காய்ந்திருந்தால் பிளம்பருக்கு மீதிப் பணம். மாதம் ஒரு முறை மூடித் திறந்துவிட்டால் மறுபடி இறுகாது.

கேள்வி: கே.ஆர்.புரத்தில் வாடகை வீடு. சிங்க் வால்வு ஒழுகுகிறது. செலவு யாருடையது?

பதில்: உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் முதல். மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டத்தில் பைப் மாற்றுவது வீட்டுக்காரர் பொறுப்பு, குழாயும் அதன் வாஷரும் மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு. அது மாதிரிதான், மாநிலம் ஏற்றால்தான் கட்டுப்படுத்தும். ஆனால் ஓனரிடம் பேச நல்ல அளவுகோல். வால்வை நீங்கள் போடுங்கள், உள்ளே நிப்பிள் உடைந்தால் அது அவருடையது என்று வேலைக்கு முன்பே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள். ஒழுகுவது பிடியின் தண்டு வழியாக என்றால், அதன் அடியில் இருக்கும் நட்டைக் கொஞ்சம் இறுக்கிப் பாருங்கள், செலவே இல்லாமல் முடிந்துவிடலாம்.

கேள்வி: பக்கத்துக் கடையில் வாங்கிய ஆங்கிள் காக் மூன்றே வாரத்தில் கழுத்தில் விரிசல் விட்டது. 'விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது' என்று போர்டைக் காட்டுகிறார். பில்லும் தரவில்லை.

பதில்: அந்த போர்டு குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அப்படியே. பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் கணக்கு. உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. யு.பி.ஐ.யில் கட்டியிருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட்டும், விரிசல் விட்ட வால்வும், அதன் பெட்டியும் பத்திரம். வால்வைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டு வராதீர்கள், படம் எடுத்துக்கொண்டு காட்டுங்கள். ஒரு விஷயம், மாட்டியவர் அளவுக்கு மீறி இறுக்கியும் கழுத்து விரியும். கடைக்காரர் முதலில் அதைத்தான் சொல்வார். எனவே மாட்டிய பிளம்பரையும் கூட அழைத்துப் போங்கள். மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்யுங்கள்.