பாசன மாதிரியில் மாறிகளை இலக்கோடு இணைப்பது எப்படி?

தாமிரபரணிப் பாசனத்தைக் கணினியில் மாதிரியாக்க நாற்பது மாறிகள் சேர்த்துவிட்டீர்கள், எது இலக்கைத் தொடுகிறது என்று தெரியவில்லை என்கிறீர்கள். மாறிகளிலிருந்து தொடங்கினால் இப்படித்தான் தேங்கும். இலக்கிலிருந்து பின்னோக்கி வாருங்கள்.

'விவசாயிகள் பயன்பெற வேண்டும்' என்பதை அளக்க முடியாது. 'பிசான நெல் பருவத்தில் கதிர் வாங்கும் நேரத்தில் கடைமடை வயல் எத்தனை நாள் காய்ந்தது' என்று எழுதுங்கள். இடம், பருவம், அலகு மூன்றும் வந்துவிடும். அந்த எண் எதனால் கூடும் என்று கேட்டுக்கொண்டே மடை, குளம், கால்வாய், அணைக்கட்டு (ஆற்று நீரைக் கால்வாய்க்குத் திருப்பும் தடுப்பு), அணை என்று மேலேறி, ஒவ்வொரு இணைப்பையும் அம்புக்குறியாக வரையுங்கள். வழியில் எதிர்ப்படாத மாறி இப்போதைக்கு வேண்டாம்.

ஒவ்வொரு அம்புக்குறியிலும் அலகு குறியுங்கள். பாபநாசம் அணையின் நீர்மட்டத்தை (உச்சம் 143 அடி) அப்படியே இலக்கோடு கட்டிவிடுவது வழக்கமான தவறு. அணை கீழே குறுகி மேலே அகன்றது. 140 அடியிலிருந்து ஓரடி இறங்கும்போது போகிற தண்ணீரும் 50 அடியிலிருந்து ஓரடி இறங்கும்போது போகிற தண்ணீரும் ஒன்றல்ல. கொள்ளளவு அட்டவணை வைத்து மட்டத்தைக் கன அடியாக்குங்கள். விநாடிக்கு 100 கன அடி திறந்தால் ஒரு நாளைக்கு 86,40,000 கன அடி. வழியில் இழப்பே இல்லையென்றால் சுமார் 198 ஏக்கரில் ஓரடி நிற்கும்.

சிக்கலே சங்கிலிக் குளங்களில்தான். மேல்குளம் பெருகி மறுகால் விழும்வரை (உபரிநீர் வழியும்வரை), அதை மட்டும் நம்பியிருக்கும் கீழ்க்குளத்துக்குக் கால்வாய்த் தண்ணீர் எட்டாது. நேர்கோட்டுச் சமன்பாடு இங்கே பொய் சொல்லும்: திறப்பைக் கூட்டிக்கொண்டே போனாலும் கடைமடையில் அசைவிருக்காது, பிறகு ஒரே நாளில் தண்ணீர் வந்து நிற்கும். இந்த இணைப்புக்கு ஒரு வரம்பும் நாள் தாமதமும் கொடுங்கள். குளத்தில் மீதமுள்ள கொள்ளளவை, வரத்திலிருந்து மடைப் போக்கையும் இழப்பையும் கழித்த அளவால் வகுத்தால் தாமதம் தோராயமாகக் கிடைக்கும்.

குடிநீரையும் நெல்லையும் ஒரே மதிப்பெண்ணாகக் கூட்ட வேண்டாம். நெல் கொழித்தால் குடிநீர்க் குறை மறைந்துபோகும். குடிநீருக்கான குறைந்தபட்ச ஓட்டத்தை மீறக் கூடாத எல்லையாக வையுங்கள். ஷட்டர் திறப்பு நம் கையில் உள்ளது, மழை இல்லை. இரண்டுக்கும் வேறு வேறு நிறம் கொடுத்தால் போதும்.

பிறகு ஒவ்வொரு மாறியையும் பத்து சதவீதம் கூட்டியும் குறைத்தும் ஆட்டி, இலக்கு எண் அசைகிறதா என்று பாருங்கள். நல்ல மழை ஆண்டில் மட்டும் ஆட்டினால் குளமெல்லாம் நிரம்பிக் கிடக்கும், கால்வாய்க் கசிவு ஒரு பொருட்டாகவே தெரியாது. வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டின் கணக்கிலும் ஆட்டிப் பார்த்த பிறகே எந்த மாறியையும் நீக்குங்கள்.