அந்த வீதி யாருடையது?

வணக்கம் ஐயா,

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். பெயரைப் போட வேண்டாம். 2024 செப்டெம்பர் 23ஆம் திகதி புதிய ஜனாதிபதி பதவியேற்றதை நாங்கள் ஆசிரியர் அறையில் ஒரு போனைச் சுற்றி நின்று பார்த்தோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அரசியல் குடும்பம் எதிலும் பிறக்காத ஒருவர் அந்தக் கதிரைக்கு வந்தது பெரிய விஷயமாகப் பட்டது. அன்று பின்னேரம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். அப்பாவுக்கு இது தெரிந்து சில நாள் என்னோடு பேசவில்லை. "எவன் வந்தாலும் எங்களுக்கு என்ன" என்பார். நவம்பரில் பாராளுமன்றத் தேர்தலில் யாருக்கு வாக்களித்தேன் என்று வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

வாக்குப் போட்டதோடு என் கடமை முடிந்ததாக நான் நினைக்கவில்லை. ஒரு பட்டியல் எழுதி அறையில் ஒட்டியிருக்கிறேன். பொலித்தீன் பை வாங்குவதில்லை, பஸ்ஸில் டிக்கெட் கேட்டு வாங்குவது, எந்தக் கந்தோரிலும் கையூட்டுக் கொடுப்பதில்லை, மாதம் ஒரு சனிக்கிழமை சிரமதானம், வருடத்துக்குப் பத்து மரம், சிங்களம் படிப்பது, முகநூலில் வெறுப்பைப் பகிர்வதில்லை. ஆனால் பாதிக்கு மேல் செய்ய முடியவில்லை. பாடசாலைக்கு முன்னால் மதகு உடைந்து இரண்டு மாரி போய்விட்டது. பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அவர்களைப் பிடித்துக் கடத்துவதிலேயே காலை நேரம் போய்விடுகிறது.

ஒரு தமிழ்ப் பெண்ணாக நான் அன்று சந்தோஷப்பட்டது பிழையா? எங்கள் சிரமதானத்துக்கு ஒரு நாள் வருவீர்களா?

– வாசகி


அன்புள்ள பிள்ளைக்கு,

சந்தோஷப்பட்டது பிழையில்லை. அதைப் பற்றி நீட்டிப் பேச எனக்கு விருப்பமில்லை. செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில், உங்கள் கிளிநொச்சியும் அடங்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் அநுர குமார திசாநாயக்கவுக்கு நூற்றுக்கு ஏழு வீதமளவில்தான் வாக்குக் கிடைத்தது. நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் அதே மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 அவருடைய கட்சிக்குப் போனது. உங்களைப் போல வீட்டில் சொல்லாமல் வாக்களித்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அப்பாவின் கோபத்தையும் பிழை என்று சொல்ல மாட்டேன். காணி, காணாமலாக்கப்பட்டவர்கள் என்று அவருடைய வயதுக்காரர் எண்ணிக்கொண்டிருக்கும் கணக்கு உங்களுடையதை விட நீளமானது. நீங்கள் நம்பலாம், அவர் நம்பாமல் இருக்கலாம். ஒரே வீட்டில் இரண்டுக்கும் இடமிருக்கிறது.

எனக்கு உங்கள் கடிதத்தில் கோபம் வந்தது வேறோர் இடத்தில்.

பட்டியலை மீண்டும் எடுத்துப் பாருங்கள். ஏழு உறுதிமொழிகள். பொலித்தீன் இருக்கிறது, மரம் இருக்கிறது, முகநூல்கூட இருக்கிறது. மதகு எங்கே பிள்ளை? இரண்டு மாரியாகப் பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உங்கள் கண்ணுக்கு முன்னால் தண்ணீரில் இறங்குகிறார்கள். நீங்கள் அதை எழுதியிருப்பது, பட்டியலை நிறைவேற்ற நேரமில்லாமல் போனதற்கான சாட்டாக. நாட்டுக்கு என்ன செய்யலாம் என்று தேடித் திரிந்த படித்த பெண்ணுக்கு, தினமும் காலையில் கால்களை நனைத்த தண்ணீர் நாட்டின் பிரச்சினையாகத் தெரியவில்லை. இதை ஆற அமர இருந்து நீங்கள் யோசிக்க வேண்டும். மாணவர் ஒருவர் கொப்பியில் இப்படி எழுதியிருந்தால் சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருப்பீர்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்று நான் கொஞ்சக் காலமாகவே யோசித்து வருகிறேன். உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதுவதும் அதனால்தான். நாங்கள் நாட்டை அண்ணாந்து பார்த்தே பழகிவிட்டோம். மேலே ஒருவர் மாறினால் சந்தோஷம், அல்லது துக்கம். அதற்குக் கீழே இருப்பவை எங்கள் கண்ணில் படுவதேயில்லை. 2018 ஒக்டோபரில் வடக்கு மாகாண சபையின் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே நடக்கவில்லை. பிரதேச சபைகளின் காலம் 2023 மார்ச் 19 நள்ளிரவோடு முடிந்தது. அதே மாதம் 9ஆம் திகதி நடந்திருக்க வேண்டிய தேர்தல், திறைசேரி பணம் விடாததால் நின்றுபோனது. அப்படி நிறுத்தியது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட் 22இல் தீர்ப்பளித்தது. ஜனாதிபதித் தேர்தலுக்கு அப்போது ஒரு மாதம்தான் இருந்தது. அந்தத் தீர்ப்பைப் பற்றி எந்தத் தேநீர்க் கடையிலாவது யாராவது பேசி நீங்கள் கேட்டீர்களா? 2025 மே 6 வரைக்கும், இரண்டு வருடங்களுக்கு மேலாக, உங்கள் ஊர் வீதிக்கும் குப்பைக்கும் கிணற்றுக்கும் பொறுப்பான சபையில் மக்கள் தெரிவு செய்த ஓர் ஆள்கூட இல்லை. யாரும் அழுததாக எனக்கு ஞாபகமில்லை. ஜனாதிபதித் தேர்தலுக்கு மட்டும் வாக்காளர்களில் நூற்றுக்கு 79 பேர் போய் நின்றோம்.

அநுரவே பதவியேற்ற நாளில் சொன்னார், தான் மந்திரவாதி இல்லையென்று. நாங்கள் அதற்கும் கை தட்டினோம். மந்திரவாதி இல்லையென்றால் மதகை யார் கட்டுவது என்று யோசிக்கவில்லை.

என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபதுகளில், அரிசியும் சீனியும் கூப்பனுக்கு வந்த காலத்தில், எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடையில் அவர் ஓர் அங்கத்தவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். கொழும்பில் யார் பிரதமர், யார் எதிர்க்கட்சி என்பதிலெல்லாம் அவருக்கு ஆர்வமே கிடையாது. வருடாந்தப் பொதுக்கூட்டம் பாடசாலை மண்டபத்தில் நடக்கும். ரோனியோ செய்த கணக்கறிக்கை ஒன்று கொடுப்பார்கள், மை ஊறி எழுத்தெல்லாம் பரந்திருக்கும். மற்றவர்கள் அதை மடித்து விசிறிக்கொள்வார்கள். பெரியம்மா அதை முழங்காலில் விரித்து, விரலை வைத்து வரி வரியாக இறங்குவார். "சீனி – கழிவு" என்ற வரியில் விரல் நிற்கும்.

எழும்பி நின்று கேட்டார், "சாக்கு கிழியேல்லை, மழையும் பெய்யேல்லை. இவ்வளவு சீனி எங்க போனது?"

முகாமையாளர் எறும்பு என்றார். மண்டபம் சிரித்தது. நானும் சிறுவர்களோடு யன்னலில் தொங்கிக்கொண்டு சிரித்தேன்.

அடுத்த வருடக் கூட்டத்தில் பெரியம்மா வேறொரு கேள்வி கேட்டார். "போன கூட்டத்தில நான் கேட்டது அறிக்கையில ஏறியிருக்கோ? வாசியுங்கோ பாப்பம்." ஏறியிருக்கவில்லை. ஏற்றும் வரைக்கும் உட்கார மாட்டேன் என்று நின்றார். செயலாளர் வேண்டா வெறுப்பாகப் பேனாவை எடுத்தார். அதற்கடுத்த வருடமும் அதே வரி, அதே விரல், அதே கேள்வி. அப்போது பக்கத்தில் இன்னும் சில பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுடைய விரலும் அந்த வரியில் இருந்தது. யாரும் பிடிபடவில்லை. யாரையும் வேலையிலிருந்து நிறுத்தவுமில்லை. ஆனால் வருடா வருடம் கழிவு குறைந்தது. ஒரு கட்டத்தில் எறும்புகள் எங்கள் ஊரை விட்டே போய்விட்டன என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள்.

பெரியம்மா பட்டியல் போடவில்லை. மண்ணெண்ணெய், துணி, பாண் என்று அந்தக் கடையில் கேட்பதற்கு இன்னும் எவ்வளவோ இருந்தது. அவர் சீனியை மட்டும் பிடித்தார், அது தீரும் வரைக்கும் விடவில்லை.

இப்படிப்பட்டவர்களைத் தேடி நீங்கள் எழுபதுகளுக்குப் போக வேண்டியதும் இல்லை. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமலாக்கப்பட்ட தங்கள் பிள்ளைகளின் படத்தோடு உட்கார்ந்த தாய்மாரை உங்களுக்குத் தெரியும். பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். அவர்கள் உட்கார்ந்தபோது மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதி. பிறகு கோட்டாபய, பிறகு ரணில், இப்போது அநுர. பிள்ளை எங்கே என்ற ஒரு கேள்வியைத்தான் நான்கு ஜனாதிபதிகளிடம் கேட்டார்கள். பதில் இன்னும் வரவில்லை. விடை தெரியாமலே அவர்களில் எத்தனையோ பேர் செத்தும் போனார்கள். இந்த நாட்டில் பிரசை என்றால் யார் என்று என்னிடம் கேட்டால் நான் அவர்களைத்தான் காட்டுவேன். பிள்ளைகளுக்குக் குடியியல் பாடத்தில் இதை நீங்கள் சொல்லிக்கொடுக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். உங்களுக்குள் இருக்கட்டும்.

சிரமதானத்துக்கு நான் வர மாட்டேன். முழங்கால் ஒரு காரணம், அது பெரிய காரணம் இல்லை. 2025 ஜனவரி 1இல் அரசாங்கத்தின் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டம் தொடங்கிய பிறகு எல்லா ஊரிலும் ஆட்கள் ஒரு நாள் குப்பை பொறுக்குகிறார்கள். நல்லது, செய்யட்டும். ஆனால் பொறுக்கிக் கட்டிய மூட்டை அடுத்த சனிக்கிழமையும் அதே சந்தியில் கிடக்கிறதே, அதை ஏற்ற சபை உழவு இயந்திரம் ஏன் வரவில்லை என்று ஒருவர் போய்க் கேட்டால் அவருக்கு நான் தேத்தண்ணி வாங்கிக் கொடுப்பேன். பொதுச் சொத்தைப் பாதுகாப்பதும் அது வீணாவதையும் துஷ்பிரயோகமாவதையும் எதிர்ப்பதும் ஒவ்வொருவரின் கடமை என்று எங்கள் அரசியலமைப்பின் 28ஆம் உறுப்புரை சொல்கிறது. எதிர்ப்பதற்கு முதலில் யாருடைய பொறுப்பு என்று தெரிய வேண்டுமே.

மற்றவை பற்றி இரண்டு சொல். டிக்கெட் கேட்டு வாங்குங்கள். சிங்களம் கட்டாயம் படியுங்கள், அதை நாட்டுக்காகப் படிக்காமல் உங்களுக்காகப் படியுங்கள். முகநூலை விட்டுவிடுங்கள்.

இப்போது மதகு. உங்கள் பாடசாலைக்கு முன்னால் ஓடும் வீதி யாருடையது? உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன், அதிபருக்கும் தெரியாமல் இருக்கலாம். ஏ, பி தரத்து வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. சி, டி என்றால் மாகாணத்தின் வீதி அபிவிருத்தித் திணைக்களம், அதைக் கேள்வி கேட்க வேண்டிய மாகாண சபை மேலே சொன்னபடி 2018 முதல் இல்லை. அதற்குக் கீழே உள்ள உள்வீதி என்றால் பெரும்பாலும் பிரதேச சபை. ஒரு மதகு இரண்டு மாரி உடைந்து கிடப்பதற்கு எங்கள் ஊர்களில் வழக்கமான காரணம் பணமில்லாதது மட்டும் இல்லை. இது எங்களுடையது இல்லை என்று ஒவ்வொரு கந்தோரும் மற்றக் கந்தோரைக் கை காட்டும், எல்லாம் வாய்ப்பேச்சாகவே போய்விடும்.

அதனால் எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் என்று தலைப்புப் போட்டு, பிரதேச சபையின் தகவல் அலுவலருக்குத் தமிழில் ஒரு கடிதம். இந்த வீதி எந்த நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கிறது, மதகு கடைசியாக எப்போது திருத்தப்பட்டது, என்ன செலவு, இந்த வருட வரவு செலவுத் திட்டத்தில் அதற்கு ஒதுக்கீடு உண்டா. இவ்வளவு போதும். பிள்ளைகளின் சப்பாத்தைப் பற்றியோ உங்கள் மனக்கவலையைப் பற்றியோ அதில் எழுதாதீர்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை, சட்டமே அப்படித்தான் சொல்கிறது. கடிதம் கிடைத்ததற்கு எழுத்தில் ஒப்புகை தர வேண்டியது அவர்களுடைய கடமை. தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேன்முறையீடு, அதற்கு மேல் கொழும்பில் தகவலறியும் உரிமை ஆணைக்குழு.

இடமாற்றம் வரும் என்று பயப்படுவீர்கள், அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. உங்கள் பெயரில் அனுப்பத் தயக்கமென்றால் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் அனுப்பலாம். அங்கத்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் பிரசைகளாக இருந்தால் ஒரு சங்கமும் கேட்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. அதற்குச் சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் எடுங்கள், கூட்ட அறிக்கையில் ஏறியதா என்று அடுத்த கூட்டத்தில் வாசிக்கச் சொல்லுங்கள்.

முதல் பதில் பெரும்பாலும் "இந்த வீதி எமது சபைக்குரியதன்று" என்று ஒரு வரியில் வரும். மனம் சோர்ந்து பட்டியலுக்குத் திரும்பிப் போய்விடாதீர்கள். அந்த ஒரு வரி கையெழுத்தும் முத்திரையும் போட்டு வந்திருக்கும். அதைப் பிரதி எடுத்து இணைத்து, அன்றைக்கே வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு அடுத்த கடிதத்தை அனுப்புங்கள். பதிவுத் தபாலில் அனுப்புங்கள், சிட்டையைப் பத்திரமாக வையுங்கள். வந்த பதில்களை எனக்கும் அனுப்பினால் இங்கேயே போடுகிறேன், உங்கள் பெயரில்லாமல்.