வெறும் டென்ஷன்தானா அம்மா?

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை முப்பதைத் தொடாதவர்கள் எழுதியவை. விவரமாக எழுதியவர்களுக்கு விவரமாகவே பதில் சொல்லியிருக்கிறேன். ‘மன அழுத்தம், வழி சொல்லுங்கள்’ என்று ஒற்றை வரி அனுப்பியவர்கள் தூங்கும் நேரம், சம்பளம், கடன், வீட்டில் யார் யார் என்பதையும் சேர்த்து மறுபடி எழுதுங்கள். அதெல்லாம் தெரியாமல் நான் சொன்னால் அது ஜோசியம்தான்.

கேள்வி: அம்மா, எனக்கு 27 வயது. ஊர் சாத்தூர் பக்கம். சென்னையில் அமெரிக்க கம்பெனிக்கான சப்போர்ட் வேலை. மாலை 6.30 முதல் அதிகாலை 3.30 வரை ஷிப்ட். வேளச்சேரியில் நான்கு பேர் ஒரே ரூமில் இருக்கிறோம், மற்ற மூவருக்கும் பகல் வேலை. ஐந்து மாதமாகத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, செத்துவிடுவேனோ என்று பயம் வருகிறது. இசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் நார்மல். ‘வெறும் டென்ஷன், ரிலாக்ஸா இருங்க’ என்று அனுப்பிவிட்டார்கள். கைக்கு வருவது 34,000. தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய 5 லட்சம் பர்சனல் லோனுக்கு மாதம் 11,634 போகிறது (14 சதவிகிதம், ஐந்து வருடம்). வீட்டுக்கு 10,000. கிரெடிட் கார்டில் 40,000 பாக்கி. குறைந்தபட்சத் தொகை என்று மாதம் 2,000 கட்டுகிறேன், வட்டி மாதத்துக்கு மூன்றரை சதவிகிதம். தியானம் செய்தால் சரியாகுமா?

பதில்: முதலில் இதயத்தைப் பரிசோதித்துக்கொண்டது நல்ல காரியம் தம்பி. அதில் குறையில்லை என்றால், நீங்கள் எழுதியிருப்பது பானிக் அட்டாக் போலத் தெரிகிறது. அது பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கிவிடும், ஆளைக் கொல்லாது. வரும்போது மூச்சை வேகவேகமாக இழுக்காமல், வெளியே விடுவதை நீளமாக்குங்கள். ஆனாலும் ஐந்து மாதம் என்பது சும்மா விடக்கூடிய காலமில்லை. ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை எழுதிக் கொடுத்தால், இந்த வகை மருந்துகள் வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ‘நாலு நாள் போட்டேன், ஒன்றும் தெரியவில்லை’ என்று நிறுத்திவிட்டு வந்தவர்களை எங்கள் பிரிவில் நிறையப் பார்த்திருக்கிறேன். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகத் தூக்க மாத்திரை கேட்டு வாங்கும் வேலை மட்டும் வேண்டாம்.

இப்போது தூக்கத்துக்கு வருவோம். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! 3.30க்கு ஷிப்ட் முடிந்து கேப் உங்களை இறக்கிவிட ஐந்தாகும், குளித்துப் படுக்க ஆறாகும். ஏழரைக்கு ரூமில் மிக்ஸி ஓடும். பத்து மணிக்கு ஊரிலிருந்து அம்மா போன். அப்படித்தானே? நம் உடம்பின் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நேரம் தெரிந்துகொள்கிறது. விடிந்த வெளிச்சம் கண்ணில் பட்டால் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பு குறைந்துவிடும். அதனால் விடிந்தபின் வீடு திரும்பும் நாளில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். யார் கிண்டல் செய்தாலும் சரி. ஜன்னலுக்குத் தடித்த கறுப்புத் துணி கட்டுங்கள். ராத்திரி பன்னிரண்டுக்குப் பிறகு டீ, காபி வேண்டாம். குடித்த காபியின் பாதி வீரியம் ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். லீவு நாளில் முழுக்கப் பகல் மனிதராக மாறிவிட்டுத் திங்கள்கிழமை மறுபடி இரவு மனிதராக மாறினால், வாராவாரம் விமானமேறி வெளிநாடு போய்வந்த அலுப்புதான் மிஞ்சும். லீவிலும் காலை ஆறிலிருந்து பத்து வரையாவது தூங்குவது நல்லது. எல்லாவற்றையும்விட, நைட் ஷிப்ட்காரர்கள் இருக்கும் ரூமாகப் பார்த்து மாறுங்கள். அம்மாவிடம் மூன்று மணிக்கு மேல் கூப்பிடச் சொல்லுங்கள். காரணத்தைச் சொன்னால் எந்த அம்மா கோபித்துக்கொள்வார்?

அடுத்தது பணம். கார்டு பாக்கி 40,000க்கு மூன்றரை சதவிகிதம் என்றால் வட்டி 1,400. அந்த வட்டிக்கு 18 சதவிகிதம் ஜிஎஸ்டி, அது 252. நீங்கள் கட்டும் 2,000 ரூபாயில் அசலுக்குப் போவது வெறும் 348. புதிதாக ஒரு ரூபாய்கூடத் தேய்க்காவிட்டால்தான் அதுவும். ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு படபடப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. கார்டைப் பூட்டி வைத்துவிட்டு, பாக்கித் தொகையைக் குறைந்த வட்டி இஎம்ஐயாக மாற்றித் தரும்படி வங்கியில் கேளுங்கள். பல வங்கிகள் செய்து தருகின்றன.

அப்புறம், இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் காட்டுங்கள். லோன், வீடு, கார்டு மூன்றும் போக உங்கள் கையில் நிற்பது 10,366. சென்னையில் வாடகை, சாப்பாடு, போன், பஸ் எல்லாம் அதற்குள். ‘பையன் மெட்ராஸில் ஐடி’ என்று ஊரில் சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கார்டு தீரும்வரை வீட்டுக்கு 6,000 மட்டும் அனுப்புகிறேன் என்று சொல்வதில் கேவலம் ஒன்றுமில்லை. தியானம் தாராளமாகச் செய்யுங்கள். 348ஐ அது கூட்டித் தராது, அவ்வளவுதான்.

கேள்வி: நான் எம்.எஸ்சி. வயது 28, திருமங்கலம். நான்கு வருடமாக டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறேன். மதுரை கலைஞர் நூலகத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். இரண்டு முறை சொற்ப வித்தியாசத்தில் போய்விட்டது. கல்யாண வீடுகளில் ‘இன்னுமா படிக்கிற?’ என்று கேட்கிறார்கள். இப்போதெல்லாம் புத்தகத்தைத் திறந்தாலே அழுகை வருகிறது. என்னிடம்தான் ஏதோ குறை இருக்கிறதா?

பதில்: கணக்கைப் பார்ப்போம். 2024 ஜூன் குரூப் 4 தேர்வு 6,244 இடங்களுக்கு அறிவிக்கப்பட்டது. இடங்களைப் பிறகு கூட்டினார்கள், கூட்டியும் பத்தாயிரத்தைத் தொடவில்லை. எழுதியவர்கள் 15 லட்சத்துக்கும் மேல். நூறு பேர் எழுதினால் ஒருவருக்குக்கூட இடமில்லை. 200 கேள்வியில் இரண்டு மூன்று கேள்விக்குள் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நிற்பார்கள். அங்கே தவறிப்போனதற்கு உங்கள் குணத்திலோ மூளையிலோ குறை தேடினால் எப்படி? ஜெயித்தவர்களின் போட்டோவை மட்டும் ஆளுயரத்துக்கு ஒட்டும் கோச்சிங் சென்டர்கள் மீது எனக்குத் தீராத எரிச்சல் உண்டு. மற்ற 99 பேரின் முகத்தையும் ஒட்டுவதென்றால் மதுரையில் சுவர் போதாது.

அழுகை வருவதற்கு வேறொரு காரணமும் தெரிகிறது. உங்கள் படிப்புக்கு முடிவுத் தேதியே இல்லை. எத்தனை முறை எழுதுவீர்கள்? நீங்களே முடிவு செய்து, ஒரு தேதியை அப்பா அம்மா முன்னால் சொல்லிவிடுங்கள். அதுவரை யாரும் கேட்கக்கூடாது, அது தாண்டினால் நீங்களும் நீட்டிக்கக்கூடாது. அதற்குள் அரை நாள் வேலை ஒன்று தேடுங்கள். எம்.எஸ்சி. படித்தவருக்குத் திருமங்கலத்திலேயே பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் டியூஷனுக்குக் கிடைப்பார்கள். கையில் நாலாயிரம் ரூபாய் சொந்தக் காசு வரட்டும், பஸ்ஸுக்கு அப்பாவிடம் கேட்கும் கூச்சம் போகட்டும். எட்டு மணி நேரம் அழுதுகொண்டே படிப்பதைவிட நான்கு மணி நேரத்தில் அதிகம் மண்டையில் ஏறும். டியூஷன் எடுப்பதால் பள்ளிப் புத்தகங்களும் கூடவே ரிவிஷன் ஆகிவிடும்; குரூப் 4க்கு அதைவிட என்ன வேண்டும்?

கல்யாண வீட்டு அத்தைகளுக்கு: ‘ஆமா அத்தை, படிக்கிறேன். நீங்க பந்திக்குப் போய்ட்டீங்களா?’ இதற்கு மேல் பதில் தேவையில்லை.

கேள்வி: காலை 5 மணிக்கு எழுந்தால் வாழ்க்கையே மாறும் என்கிறார்களே? (வாசகர், நாமக்கல்)

பதில்: முந்தின ராத்திரி பத்துக்குப் படுத்திருந்தால்.

கேள்வி: வயது 30. கோவையில் நல்ல வேலை. போன வருடம் ஃபிளாட் வாங்கினேன், அதற்கு முன் கார். கடன் கட்டுப்படியாகிறது, வீட்டில் சண்டை இல்லை. ஆனால் எதிலும் நிறைவு இல்லை. போனைத் திறந்தால் கூடப் படித்தவர்கள் பாலியில் இருக்கிறார்கள். நானும் போனேன், திரும்பி வந்த மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிட்டது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்றே தெரியவில்லை.

பதில்: முதலில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலாக, பெரும்பாலான நாள்களில், முன்பு பிடித்த எதுவும் பிடிக்காமல், தூக்கமோ பசியோ மாறி, எல்லாவற்றுக்கும் சோர்வாக இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவர் இருக்கிறார். ‘இருந்து என்ன பயன்’ என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கே 14416க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் எண் அது. இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

அது இல்லையென்றால், உங்களுக்கு நடந்திருப்பது எல்லோருக்கும் நடப்பதுதான். 1978இல் அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்தில் பெரிய லாட்டரிப் பரிசு விழுந்தவர்களையும் அக்கம்பக்கத்தில் சாதாரணமாக இருந்தவர்களையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தது. பரிசு விழுந்தவர்கள் மற்றவர்களைவிட அப்படியொன்றும் அதிக சந்தோஷமாக இல்லை. நண்பருடன் பேசுவது, காலைச் சாப்பாடு மாதிரியான அன்றாட விஷயங்களில் அவர்களுக்குக் கிடைத்த இன்பம் இன்னும் குறைவாகவே இருந்தது. புதுக் கார் சீக்கிரமே வெறும் கார் ஆகிவிடும். ஃபிளாட்டும் அப்படித்தான்.

உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை மறுபடி படித்துப் பார்த்தேன். கல்லூரியில் மாவட்ட அளவில் வாலிபால் ஆடியதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மொத்தக் கடிதத்திலும் ஆட்களின் பெயர் வருவது அந்த ஒரு பத்தியில்தான். யார் செட்டர், யார் ஸ்மாஷ் அடிப்பார் என்பதெல்லாம் இருக்கிறது. காரின் பெயரைக்கூட நீங்கள் எழுதவில்லை! ஹார்வர்டில் 1938இல் தொடங்கிப் பல பத்தாண்டுகளாக ஒரே மனிதர்களைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு ஒன்று உண்டு. முதுமையில் நலமாக இருந்தவர்களிடம் அழுத்தமாகத் தெரிந்தது, நெருக்கமான உறவுகள். பாலிக்குப் போட்டோ எடுக்கப் போன நீங்கள், அந்த செட்டரிடம் கடைசியாக எப்போது பேசினீர்கள்?

உங்கள் பகுதியில் சாயங்காலம் வாலிபால் நெட் கட்டுகிற மைதானம் எங்கே என்று விசாரியுங்கள். முப்பது வயதில் முட்டி வலிக்கும், பழைய ஸ்மாஷ் வராது, காலேஜ் பையன்கள் ‘அங்கிள்’ என்பார்கள். பரவாயில்லை. வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று மாதம் போய்விட்டு எழுதுங்கள்.

கேள்வி: மனநல மருத்துவரைப் பார்க்க நினைக்கிறேன். ஆபீஸுக்கோ, பெண் பார்க்கும் வீட்டுக்கோ தெரிந்துவிடுமா? (பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: அவர்களுக்குத் தெரியவராது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம். சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர, உங்கள் சம்மதமில்லாமல் மருத்துவமனை அதை வெளியில் சொல்லக்கூடாது. அதே சட்டப்படி, உடல் நோய்க்கு இருப்பதுபோல மன நோய்க்கும் மருத்துவக் காப்பீடு கொடுத்தாக வேண்டும். உங்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள். தனியார் செலவு கட்டுப்படியாகாவிட்டால் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநலப் பிரிவு இருக்கும். காலையிலேயே போய் ஓபி சீட்டு போட்டுவிடுங்கள், பதினோரு மணிக்கு மேல் கூட்டம் தாங்காது.