ஆலெக் கின்னஸின் நடை

அன்புள்ள ஐயா,

ஆங்கில நடிகர்களில் ஆலெக் கின்னஸ்தான் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் என்று எழுதியிருந்தீர்கள். ‘ஸ்டார் வார்ஸ்’ தாத்தாவாக மட்டுமே அவரை எனக்குத் தெரியும். உங்களை நம்பி ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ பார்த்தேன். விறைப்பாக நிற்கிறார், அளந்து பேசுகிறார், அவ்வளவுதான். இதற்கா ஆஸ்கர்? அப்புறம், சயாம் ரயில் பாதையில் செத்துப்போன நம் ஆட்களைப் படத்தில் காணவே காணோமே?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். நீங்கள் கேட்பது நியாயம். இரண்டாம் உலகப் போரின்போது சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் போட்ட பாதை அது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அதில் பல்லாயிரக்கணக்கில் மாண்டார்கள். 1957இல் வந்த இந்தப் படத்துக்கு பிரிட்டிஷ் போர்க்கைதிகளைத் தாண்டிக் கண் போகவில்லை. இத்தனைக்கும் படம்பிடித்தது இலங்கையில், கித்துல்கலைக்கு அருகே களனி ஆற்றில். அந்தப் பழியை இயக்குநர் டேவிட் லீன் பக்கம் எழுதிக்கொள்ளுங்கள், கின்னஸை விட்டுவிடுங்கள்.

விறைப்புக்கு வருவோம். அந்த விறைப்புதானே வேடமே! அதிகாரிகள் கூலிவேலை செய்யக் கூடாது என்ற விதியைப் பிடித்துக்கொண்டு தொங்குபவர் கின்னஸ் நடிக்கும் பிரிட்டிஷ் கைதி, கர்னல் நிக்கல்சன். அதற்காக அவரைத் தகரக் கூண்டில் போட்டு வெயிலில் வாட்டுகிறார்கள். பிறகு ஒருநாள் ஜப்பானிய முகாம் தலைவன் சைட்டோவிடம் கூட்டிப் போகிறார்கள் அல்லவா, அந்த நடையை இன்னொரு முறை பாருங்கள். இடுப்புக்கு மேலே ராணுவ அணிவகுப்பு. கீழே கால்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, மடங்குகின்றன, தடுமாறுகின்றன. கின்னஸின் மகன் மாத்யூவுக்குச் சிறுவயதில் போலியோ வந்தது. தேறி வரும்போது பையன் நடந்த நடையைத்தான் அந்த இடத்தில் எடுத்துக்கொண்டேன் என்று கின்னஸே சொல்லியிருக்கிறார். இது தெரிந்த பிறகு அந்தக் காட்சியை என்னால் சும்மா பார்க்க முடிவதில்லை.

சீருடையும் அவருக்குப் புதிதல்ல. 1943இல் சிசிலியில் படைகள் இறங்கியபோது துருப்புகளை ஏற்றிச்சென்ற ஒரு படகுக்கு அவர்தான் தலைவர். அதற்கு முன்னால் விளம்பர வாசகம் எழுதும் வேலை, லண்டனின் ஓல்ட் விக் நாடக மேடை. 1914இல் லண்டனில் பிறந்தவர். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் எழுத வேண்டிய இடம் காலி. அதனால்தான் அத்தனை வேடங்களுக்குள் புகுந்துகொண்டார் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்த மாதிரி மனோதத்துவத்தில் நம்பிக்கை இல்லை.

1949இல் வந்த ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கோரனெட்ஸ்’ படத்தில் ஒரே குடும்பத்தின் எட்டுப் பேராகவும் அவரே வருகிறார், அதில் ஒருத்தி பெண். தேவாலயக் காட்சி ஒன்றில் அவர்களில் ஆறு பேர் ஒரே சட்டகத்துக்குள் இருக்கிறார்கள். கேமராவை அசையவிடாமல் நிறுத்தி, லென்ஸைப் பகுதி பகுதியாக மறைத்து, அதே ஃபிலிமைத் திரும்பத் திரும்ப ஓட்டி எடுத்தது. கம்ப்யூட்டர் கிடையாது.

சறுக்கலும் உண்டு. ‘எ பாசேஜ் டு இந்தியா’வில் இந்தியப் பேராசிரியர் கோட்போலேயாக மாநிறம் பூசிக்கொண்டு வருவதை ரசிகனான நானே பார்க்கச் சகிப்பதில்லை. ‘ஸ்டார் வார்ஸ்’ வசனங்கள் அவருக்கே பிடிக்காது. ஆனால் லாபத்தில் பங்கு பேசி வாங்கியிருந்தார், கெட்டிக்காரர்.

கூண்டுக் காட்சியை இந்த முறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் எழுதுங்கள், சண்டை போடலாம்.