பையில் துடிக்கும் மீன்

அன்புள்ள டீச்சர்,

நான் மலையகத்தில் நோர்வூட் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். இப்போது கொழும்பில் வேலை செய்கிறேன். விலங்கு உரிமைகளுக்காகக் குரல் கொடுக்கும் இளைஞர் குழு ஒன்றிலும் இருக்கிறேன். தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது என் தாய்மாமாவும் அவருடைய கூட்டாளிகளும் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தூண்டில் போடப் போனார்கள். நானும் கூடப் போனேன். அங்கே பெரிய வாக்குவாதமாகிவிட்டது. மீனுக்கு வலி தெரியாது என்றார் ஒருவர். தெருநாய்க்கு அழுகிற கொழும்புக்காரருக்குத் தோட்டத்து வயிறு தெரியுமா என்றார் இன்னொருவர். மாமா ஒன்றுமே பேசவில்லை. நான் ஆத்திரத்தில், அவர் மீனோடு நிற்கும் படத்தைக் ‘கொலைகாரன்’ என்று எழுதி முகநூலில் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை.

தூண்டில் போடுவது பாவமா? பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவதை இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் வழியாகச் சொல்லலாமா? புதிய விலங்கு நலச் சட்டம் கேட்டு எங்கள் குழு ஒரு மனு தயாரிக்கிறது. அதில் நீங்கள் கையெழுத்திடுவீர்களா?

— ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

ஹட்டன் சந்தையில் வாய் திறந்து மூடிக்கொண்டிருந்த திலாப்பியாவைத் தராசில் போட்டு, அப்படியே பையில் கட்டிக் கொடுத்ததைப் பார்த்துவிட்டு வந்த நாளில்தான் உங்கள் கடிதத்தைப் படித்தேன். மனம் ஏற்கெனவே அதிலேயே கிடந்ததால் உடனே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். உங்களோடு வாதிட்டவர்கள் வேறு ஆட்கள். வாயே திறக்காத மனிதரின் முகத்தை அல்லவா ஊருக்கு முன்னால் வைத்திருக்கிறீர்கள்! அவர் படம் எடுக்க நின்றது உங்களை நம்பி. மருமகன் எடுக்கிறான் என்றுதான் மீனைத் தூக்கிக் காட்டியிருப்பார். உயிர்களிடம் இரக்கம் வேண்டும் என்று பேசுகிறவர் செய்கிற வேலையா இது? உங்கள் குழுவில் ஒருவராவது இது தவறு என்று சொன்னாரா? எத்தனை பேர் அதற்கு விருப்பக்குறி போட்டார்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. ஆனால் நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள். தொலைபேசியில் கேட்பது போதாது.

மீனுக்கு வலிக்குமா என்பதில் நான் அதிகம் நிற்கப் போவதில்லை. 2003 இல் ஸ்கொட்லாந்தில் லின் ஸ்னெடனும் அவருடைய குழுவினரும் வானவில் ட்ரவுட் மீன்களின் உதட்டில் தேனீ விஷத்தையும் அசிட்டிக் அமிலத்தையும் ஏற்றிப் பார்த்தார்கள். அமிலம் ஏற்றப்பட்ட மீன்கள் உதட்டைத் தொட்டியின் சரளைக் கல்லில் தேய்த்தன. மீண்டும் இரையெடுக்க அவற்றுக்கு நெடுநேரம் பிடித்தது. மனித மூளையில் இருக்கும் மேற்பட்டை மீனுக்கு இல்லை, ஆகவே அதை வலி என்று கொள்ள முடியாது என்று வாதிடும் விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். இருக்கட்டும். தங்கூசி என்னும் தூண்டில் நரம்பு வழியாக அந்த இழுப்பை விரலில் உணர்ந்தவர்கள் யாரும் அதை ஒன்றுமில்லை என்று நெஞ்சறிந்து சொல்ல மாட்டார்கள். உங்கள் மாமா அன்று பேசாமல் இருந்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

பிடித்துவிட்டுத் திரும்ப விடுவதை நடுவழி என்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. சின்னக் குஞ்சு மாட்டினால் முள்ளைக் கழற்றி விடுவது வேறு. தின்னும் எண்ணமே இல்லாமல் முள்ளைக் கொத்த வைத்து, அது சோரும்வரை இழுத்து விளையாடி, தூக்கிப் படம் எடுத்து, பிறகு விட்டுவிடுவதில் என்ன கருணை இருக்கிறது? சுவிட்சர்லாந்தில் திருப்பி விடும் நோக்கத்தோடு மீன் பிடிப்பதையே விலங்குப் பாதுகாப்பு விதிகள் தடுக்கின்றன. ஜெர்மனியில் நியாயமான காரணம் இல்லாமல் ஒரு விலங்குக்கு வேதனை கொடுப்பது குற்றம். உண்பதைக் காரணமாக ஏற்கிறார்கள், வெறும் பொழுதுபோக்கை ஏற்பதில்லை. உங்கள் மாமா பிடிப்பது வீட்டுச் சட்டிக்கு. அவரைக் கொலைகாரர் என்றீர்கள். விளையாடிவிட்டு விடுகிறவரை நல்லவராக்கப் பார்க்கிறீர்கள்.

இந்த விளையாட்டு நம் மலைக்கு எப்படி வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? 1880களில் வெள்ளைக்காரர்கள் ட்ரவுட் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து பொரிக்க வைத்து, நுவரெலியா, ஹோட்டன் சமவெளிப் பக்கத்து ஓடைகளில் குஞ்சுகளை விட்டார்கள். துரைமாரின் ஓய்வு நாளுக்காகச் செய்த வேலை அது. ஹோட்டன் சமவெளியில் மட்டுமே வாழும் ஒரு சிறு நன்னீர் இறாலுக்கு அந்த ட்ரவுட் இன்றைக்கும் ஆபத்தாகவே இருக்கிறது. விலங்கு உரிமை பேசுகிறவர்கள் அந்த இறாலைப் பற்றியும் ஒரு வார்த்தை பேச வேண்டும்.

நான் வளர்ந்த அக்கரப்பத்தனைப் பக்கத் தோட்டத்தின் மேல் எல்லையிலும் அப்படியோர் ஓடை இருந்தது. அதன் தண்ணீரைத்தான் லயத்தில், எங்கள் வரிசை வீடுகளில், குடித்தோம். மீன் மட்டும் துரையுடையது. தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து வேலை முடிந்து வரும் அந்தி நேரத்தில், மழை இருட்டாக இருந்தால், அப்பா மூங்கில் கழியையும் மண்புழு போட்ட டின்னையும் எடுத்துக்கொண்டு புறப்படுவார். நானும் அண்ணனும் பின்னாலேயே போவோம். ஒருநாள் காவற்காரர் பிடித்துவிட்டார். மீன் பங்களாவுக்குப் போனது. மறுநாள் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் எல்லோர் முன்பாகவும் அப்பாவை நிறுத்தி வைத்து, திருடன் என்று ஏசினார்கள். அந்த வாரம் அவருக்குப் பெயர் போடவில்லை, வேலையும் இல்லை, கூலியும் இல்லை. அம்மா கடைக்காரரிடம் கடன் சொல்லி மாவு வாங்கி வந்தார். மீனோடு நிற்கும் ஒரு தோட்டத்து மனிதரை ஊர் பார்க்க நிறுத்தி வைத்துப் பட்டம் கொடுத்த முதல் ஆள் நீங்கள் அல்ல, தம்பி. உங்கள் கடிதத்தில் என்னைச் சுட்டது அதுதான்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். அப்பா மீனைத் தண்ணீரிலிருந்து தூக்கியதும் இடது கையில் இறுக்கிப் பிடிப்பார். கவ்வாத்துக் கத்தியின் பிடியால் கண்ணுக்குச் சற்றுப் பின்னால், தலையின் மேல் ஓர் அடி. தேவையென்றால் உடனே இன்னொன்று. அதற்குப் பிறகுதான் முள்ளைக் கழற்றுவார். இந்த ஒழுங்கு ஒரு நாளும் மாறியதில்லை. கொட்டும் மழையிலும் காவற்காரருக்குப் பயந்து அவசரப்படும்போதும் மாறியதில்லை. அண்ணன் ஒருமுறை மீனைக் கரையில் போட்டு, துள்ளுவதைப் பார்த்துக் கைதட்டினான். அப்பா ஏசவில்லை. அவனிடமிருந்து தூண்டிலை வாங்கிக்கொண்டார். அடுத்த மழைக்காலம்வரை திருப்பித் தரவேயில்லை. “எடுப்பது என்று முடிவு செய்துவிட்டோம். காக்க வைக்கக் கூடாது” என்று மட்டும் சொன்னார்.

காக்க வைக்கக் கூடாது. அன்று காசல்ரீக் கரையில் உரிமை, பாவம், பசி என்று எல்லோரும் கத்திக்கொண்டிருந்தபோது பிடித்த மீன்கள் எங்கே கிடந்தன? நீங்கள் எழுதவில்லை. எனக்குத் தெரியும். சாக்கிலோ பிளாஸ்டிக் பையிலோ கிடந்திருக்கும். நீங்கள் வாதிட்ட நேரம் முழுவதும் அவை செவுளைத் திறந்து மூடிக்கொண்டிருந்திருக்கும். காற்றில் மூச்சுத் திணறிச் சாகும் வானவில் ட்ரவுட், சராசரியாக 10 நிமிடம் மிதமானது முதல் கடுமையானது வரையிலான வேதனையை அனுபவிக்கிறது என்று 2025 இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. நம் விரால் காற்றையும் சுவாசிக்கும் மீன். ஈரச் சாக்கில் போட்டால் அது சாவதற்கு எவ்வளவு நேரமாகும் என்று கரையில் இருப்பவர்களைக் கேளுங்கள். கொஞ்சம் தண்ணீர் விட்ட வாளியில் பத்து மீனைத் திணித்து வைப்பதும் அதே சித்திரவதைதான். உயிரோடு செதில் சீவுவது அதைவிடக் கொடுமை. ‘உயிரோடு இருந்தால்தான் புதிய மீன்’ என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தப் பேச்சையும் விட வேண்டும். தலையில் சரியாக விழும் ஓர் அடிக்கு ஒரு நொடி போதும். முழ நீளக் கட்டை ஒன்று இருந்தால் சரி, செலவும் இல்லை. இதைத் தூண்டில்காரர்களும் செய்வதில்லை, உங்கள் குழுவும் கேட்பதில்லை. தூண்டிலே கூடாது என்று நீங்கள் சொல்கிறீர்கள், மீனுக்கு வலியே இல்லை என்று அவர்கள் சொல்கிறார்கள். இரண்டு பேச்சுக்கும் நடுவில் மீன் பையில் துடித்துக்கொண்டிருக்கிறது.

தூண்டிலையே தடை செய்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கக்கூடும். இந்த நாடு அதற்கு நெருங்கிய ஒன்றைச் செய்து பார்த்திருக்கிறது. 1990 இல், உயிர்க்கொலைக்கு அரசு துணை போகக் கூடாது என்ற மத எதிர்ப்புக்கு இணங்கி, உள்நாட்டு நன்னீர் மீன்வளர்ப்புக்கான ஆதரவை அரசாங்கம் நிறுத்தியது. 1994 வரை அப்படியே இருந்தது. குளங்களிலும் நீர்த்தேக்கங்களிலும் மீன் குறைந்தது. கடல்மீன் வழக்கம்போலக் கரைக்கு வந்தது. கடல்மீன் வாங்கக் காசிருந்தவர்களின் தட்டில் எதுவும் குறையவில்லை. நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 17 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள், தோட்டப்புறத்தில் அது 32 சதவீதம் என்கிறது 2016 ஆம் ஆண்டின் சுகாதார ஆய்வு. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரும் இரண்டு திலாப்பியாவை நான் அந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் பார்ப்பேன். நீங்கள் மீனையே விட்டுவிட்டதாக இருந்தால் அதை மதிக்கிறேன். அது உங்கள் தட்டு. அத்தையின் தட்டில் கை வைக்காதீர்கள்.

வெடி போட்டும் மருந்து கலந்தும் மீன் பிடிப்பதை 1996 ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. அது எங்கே நடந்தாலும் உங்கள் குழு தெருவில் இறங்கட்டும், நான் கூட வருகிறேன்.

பாவமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதில் சொல்ல நான் பூசாரியோ பிக்குவோ இல்லை.

மனுவுக்கு வருகிறேன். இப்போதிருக்கும் விலங்கு வதைச் சட்டம் 1907 ஆம் ஆண்டுடையது. உச்ச அபராதம் 100 ரூபாய் என்று எழுதிவைத்த சட்டம் அது. புதிய சட்டம் கட்டாயம் வேண்டும். ஆனால் நீங்கள் இணைத்திருந்த வரைவில் நாய், பூனை, யானை, மாடு எல்லாம் இருக்கின்றன, மீன் என்ற சொல்லே இல்லை. விற்பனைக்கோ வீட்டுக்கோ பிடிக்கும் மீனை உடனே கொல்ல வேண்டும், உயிரோடு செதில் சீவக் கூடாது, சந்தையில் துடிக்கத் துடிக்க விற்கக் கூடாது என்று ஒரு பிரிவைச் சேர்த்து அனுப்புங்கள். அதைச் சிங்களத்திலும் எழுதுங்கள். அனுப்பும் முன் மாமாவிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள், எந்த மீனை எப்படி அடிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். வந்ததும் கையெழுத்திடுகிறேன்.

அன்புடன்,
டீச்சர்