41 வயதில் பி.காம்.: செயினை வைக்கலாமா, வேலையை விடலாமா?

கேள்வி: எனக்கு 41 வயது, ஊர் தங்கச்சிமடம். 2002-இல் பிளஸ் டூ முடித்தேன், காமர்ஸ் குரூப். அதோடு படிப்பு நின்றுவிட்டது. இப்போது மண்டபம் பக்கம் ஒரு நண்டு கம்பெனியில் எடை போட்டுக் கணக்கு எழுதுகிறேன். கைக்கு 11,000 வருகிறது. ஏழு வருடமாக பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். வீட்டுக்காரர் ராமேஸ்வரத்தில் விசைப்படகில் பங்குக்குப் போகிறார். மகள் பிளஸ் டூ, மகன் எட்டாவது, இரண்டு பேரும் அரசுப் பள்ளி. கம்பெனிக் கணக்கர் அடுத்த வருடம் வேலையை விட்டுப் போகிறாராம். "உங்களிடம் ஒரு டிகிரி இருந்தால் உங்களையே உட்கார வைத்து 18,000 தரலாமே" என்று மேனேஜர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. வேலையை விட்டுவிட்டு ரெகுலர் காலேஜில் சேர்ந்தால் பஸ்ஸோடு சேர்த்து வருடம் 30,000 ஆகும் என்கிறார்கள். ஒரு ஏஜென்ட் 85,000 கொடுத்தால் ஒரே வருடத்தில் பி.காம். வாங்கித் தருகிறேன், பரீட்சைக்குக்கூட அலைய வேண்டாம் என்கிறார். தபால் வழியிலும் படிக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். என்னிடம் நாலு பவுன் செயின் இருக்கிறது, அதை அடகு வைக்கலாமா? மகள் காலேஜ் போகும் நேரத்தில் நானும் போவது சரியா? எங்கள் வரவு செலவை ஒரு தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

— தங்கச்சிமடம் வாசகி

பதில்: படியுங்கள். ஆனால் செயினை வைக்காமல், வேலையை விடாமல் படியுங்கள். ஏன் என்பதற்கு உங்கள் தாளே போதும்.

அருமையான தாள் அது. கணவரின் பங்கை மாதக் கணக்காக எழுதாமல் வாரம் வாரமாக எழுதியிருக்கிறீர்கள். மார்ச் கடைசி வாரம் 2,800. ஏப்ரல் பாதியிலிருந்து வரவு இல்லை என்று வரிசையாகக் கோடுகள். ஜூன் மூன்றாவது வாரம் 6,500 என்று எழுதி, பக்கத்திலேயே "ஓனர் அட்வான்ஸ் கழிவு 3,000". வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகிறவர் வீட்டுக் கணக்கு இப்படித்தான் இருக்கும். நடுவில் இலங்கைக் கடற்படை யாரையாவது பிடித்துவிட்டால் வேலைநிறுத்தம், அந்த வாரமும் கோடுதான். இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு எழுதத் தெரிந்தவருக்கு பி.காம். கஷ்டமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

இப்போது அந்தக் கோடு போட்ட வாரங்களைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வீட்டுச் செலவு மாதம் 19,000 என்று எழுதியிருக்கிறீர்கள், இரண்டு மாதத்துக்கு 38,000. வரவில் உங்கள் சம்பளம் 22,000, உரிமைத் தொகை 2,000, தடைக்கால நிவாரணம் 8,000, ஆக 32,000. துண்டு விழுவது 6,000. கடையில் கொஞ்சம் கடன் சொல்லி, ஜூன் கடைசியில் அடைத்துவிடுகிறீர்கள். வேலையை விட்டால் இதே இரண்டு மாதத்தில் வரவு 10,000 மட்டும், துண்டு 28,000. அந்த 28,000-க்கு ஓனரிடம் அட்வான்ஸ் கூடும், அப்புறம் ஜூனில் வரும் நல்ல பங்கு முழுவதும் கழிவிலேயே போய்விடும். மூன்று வருடம் படித்தால் மூன்று தடைக்காலம் இப்படிக் கழியும்.

ஆகவே ரெகுலர் காலேஜின் செலவு வருடம் 30,000 என்று நினைக்காதீர்கள். மூன்று வருடக் கட்டணம் 90,000. விட்ட சம்பளம், மாதம் 11,000 வீதம் 36 மாதத்துக்கு 3,96,000. மொத்தம் 4,86,000. இ.எஸ்.ஐ. போனால் குடும்பத்துக்கான வைத்தியமும் போய்விடும். அது இந்தத் தொகையில் சேரவில்லை.

யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள், பி.எஃப். பிடித்தத்தோடு உங்களுக்கு ஒரு பென்ஷன் திட்டமும் ஓடிக்கொண்டிருக்கிறது. பத்து வருடப் பணி முடிந்தால்தான் 58 வயதில் மாதப் பென்ஷனுக்கு உரிமை வரும். நீங்கள் ஏழு முடித்துவிட்டீர்கள், இன்னும் மூன்றுதான் பாக்கி. இங்கேயே நிறுத்தினால் அந்த ஏழு வருடம் பென்ஷனாக மாறாது. வேலையில் இருந்துகொண்டே மூன்று வருடம் படித்தால் பட்டமும் வரும், பென்ஷன் உரிமையும் வரும். 58 வரை தொடர்ந்தால் 24 வருடப் பணி. பி.எஃப். கணக்கில் காட்டும் சம்பளம் 12,000 என்று வைத்தாலும் அதை 24-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்துப் பாருங்கள், மாதம் நாலாயிரத்துக்கு மேல். கடலுக்குப் போகும் வீட்டில் வயதான காலத்தில் மாதா மாதம் வரும் பணம் எவ்வளவு அபூர்வம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பி.எஃப். பணத்தை எடுத்துக் கட்டணம் கட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னாலும் கேட்காதீர்கள்.

அடுத்தது அந்த ஏஜென்ட். பி.காம். மூன்று வருடப் படிப்பு. ஒரே வருடத்தில் பரீட்சையும் இல்லாமல் வருகிற பட்டம், பட்டம் அல்ல. அதைக் கம்பெனியில் காட்டினால் வேலைக்கே ஆபத்து. அவர் உங்களைப் பிடித்த இடம் எது என்று புரிகிறது. கணக்கர் அடுத்த வருடம் போகிறார், பட்டமும் அடுத்த வருடமே கைக்கு வரும் என்கிறார், இரண்டும் அழகாகப் பொருந்துகிறது. அந்தப் பொருத்தத்துக்குத்தான் 85,000 கேட்கிறார். அவர் காட்டுவது வேறு மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெயர் என்றால் இன்னும் உஷார். மாநிலப் பல்கலைக்கழகங்களும் தனியார் பல்கலைக்கழகங்களும் தொலைநிலைக் கல்வியைத் தங்கள் மாநிலத்துக்குள்தான் நடத்தலாம், வெளியாருக்குக் குத்தகை விட்டு சென்டர் நடத்தவும் அனுமதி கிடையாது. எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் படிப்பை எந்தச் சேர்க்கைச் சுற்றில் நடத்தலாம் என்ற பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தன் இணையதளத்தில் போட்டிருக்கிறது. அங்கேயே டெப் ஐடி என்று ஓர் எண்ணை உங்கள் பெயரில் நீங்களே உருவாக்கிக்கொண்டுதான் இப்போது சேர முடியும். மகளிடம் போனைக் கொடுங்கள், உட்கார்ந்து செய்துவிடுவாள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லும் ஆளிடம் ஆதாரைக் கொடுக்காதீர்கள்.

சரி, மீதி இருப்பது நீங்கள் தபால் வழி என்று எழுதியது. உங்களுக்குப் பொருந்துவது அதுதான். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் பிரிவு, இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ என்று மூன்றையும் பாருங்கள். இக்னோவுக்கு நம் பக்கத்து மண்டல மையம் மதுரை. பெயர் பெரிது, கட்டணமும் குறைவு. ஆனால் அங்கே பி.காம். பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்கும். நீங்கள் தமிழ் வழியில் பிளஸ் டூ படித்தவர் என்றால் முதல் வருடமே சலித்துவிடலாம். திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பல படிப்புகளைத் தமிழ் வழியில் தருகிறது. நீங்கள் சேரும் சுற்றில் பி.காம். தமிழ் வழியில் உண்டா, தேர்வு மையம் ராமநாதபுரத்திலேயே கிடைக்குமா, இந்த இரண்டையும் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். கட்டணம், தேர்வுக் கட்டணம், போக்குவரத்து எல்லாம் சேர்த்து மூன்று வருடத்துக்கு 30,000 ஒதுக்கினால் போதும். பத்து, பிளஸ் டூ, பட்டம் என்று வரிசையாகப் படிக்கிறவர் நீங்கள். அதனால் நாளைக்கு அரசு வேலைக்கு மனுப் போட்டாலும் இந்தப் பட்டத்தைத் தள்ள மாட்டார்கள். பிளஸ் டூ இல்லாமல் நேராகத் திறந்தநிலையில் பட்டம் வாங்கியவர்களுக்குத்தான் தமிழ்நாட்டில் அந்தச் சிக்கல்.

இந்த 30,000-க்குக் கடன் வேண்டாம். ஏஜென்ட் கேட்ட 85,000-ஐச் செயினை வைத்து வாங்கினால், வட்டி 12 சதவீதம் என்று வைத்தாலும் வருடம் 10,200. ஒரு வருட முடிவில் முதலும் வட்டியும் சேர்த்துக் கட்டி மீட்க வேண்டும். உங்கள் தாளில் 95,000 மொத்தமாக நிற்கும் மாதம் ஒன்றுகூட இல்லை. வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பீர்கள், மூன்று தடவை வைத்தால் வட்டியே 30,600. அசல் படிப்பு முழுவதற்கும் ஆகும் செலவு அது! நாலு பவுன் வீட்டிலேயே இருக்கட்டும். மகளுக்கோ வைத்தியத்துக்கோ அவசரம் என்று வந்தால் அன்றைக்கு அது வேண்டும்.

பணம் எங்கிருந்து வரும்? தாளின் அடியில் சின்ன எழுத்தில் "குழுக்கடன் வாரம் 650, அக்டோபரோடு சரி" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்துதான். அக்டோபரில் அது முடிந்ததும் அதே கிழமையில் 650-ஐ எடுத்துத் தனியாக வையுங்கள். இத்தனை நாள் அந்தக் காசு இல்லாமல்தானே குடும்பம் ஓடியது. மாதம் 2,600 சேரும். நவம்பர், டிசம்பரில் மட்டும் 5,200. ஜனவரியில் ஒரு சேர்க்கைச் சுற்று உண்டு, அதற்கு முதல் வருடக் கட்டணம் தயார். ஜூலைச் சுற்றுக்கு அவசரப்படாதீர்கள். தடை முடிந்து ஓனர் அட்வான்ஸும் கடைக் கடனும் அடைபடும் நேரம் அது. ஜனவரிக்குப் பிறகு 2,600-இல் 1,000-ஐ வங்கியில் ஆர்.டி. போட்டால் அடுத்த வருடக் கட்டணம் ஆகிவிடும். மிச்சம் 1,600-ஐத் தொடாமல் வைத்தால் ஏப்ரல் 15-க்குள் அந்த ஆறாயிரம் துண்டு பெரும்பாலும் மூடப்பட்டுவிடும். குழுவில் "முடிச்சாச்சு, அடுத்த லோன் எடுங்க" என்பார்கள். முறுக்கு வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

தடைக்காலத்தில் காசு இருக்காதே தவிர ஆள் வீட்டில் இருப்பார். ஜூன் பரீட்சைக்கு நீங்கள் படிக்கும்போது சோறு பொங்குவது அவர் பொறுப்பு என்று இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள். இதுவும் பணக் கணக்கில் சேர்ந்ததுதான். அவர் பெயரில் வங்கிக் கணக்கில் வருடம் 20 ரூபாய் பிடிக்கும் விபத்துக் காப்பீடு ஓடுகிறதா என்றும் பாருங்கள். இரண்டு லட்சத்துக்கானது. இல்லையென்றால் உங்கள் கட்டணத்துக்கு முன்னால் அதைப் போடுங்கள்.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். நீங்கள் படிப்பதால் அவள் படிப்பில் ஒரு ரூபாயும் குறையப்போவதில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் முந்திக்கொள்ள வேண்டும். அவள் கவுன்சிலிங் மூலம் இன்ஜினீயரிங் மாதிரி தொழிற்படிப்புக்குப் போவதாக இருந்தால், முதல் பட்டதாரி சான்றிதழை இ-சேவை மையத்தில் இப்போதே அவள் பெயரில் வாங்கிவிடுங்கள். வீட்டில் யாருமே பட்டதாரி இல்லை என்றால்தான் அது கிடைக்கும், அதுவும் ஒருவருக்குத்தான். உங்கள் பட்டம் வர மூன்று வருடம் ஆகும், அதற்குள் அவள் சேர்ந்திருப்பாள், மோதல் இல்லை. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தாலே கட்டணத்தை அரசு பார்த்துக்கொள்ளும். ராமேஸ்வரத்தில் கலாம் பெயரில் இருக்கும் அரசுக் கலைக் கல்லூரியில் சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 அவளுக்கு வரும். உங்களுக்கு அந்த 1,000 வராது, தொலைநிலைக் கல்விக்கு அது கிடையாது. ஊர் என்ன சொல்லும் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அம்மாவும் மகளும் ஒரே விளக்கில் படித்தால் கரண்ட் பில் மிச்சம்.

கடைசியாக அந்த மேனேஜர். கணக்கர் போவது அடுத்த வருடம், உங்கள் பட்டம் அதற்கு இரண்டு வருடம் கழித்து. நாற்காலி சும்மா காத்திருக்காது. ஆகவே இந்த மாதமே அவரிடம் போய், "ஜனவரியில் சேர்கிறேன், சேர்ந்த ரசீதைக் காட்டுகிறேன், புதிதாக வருகிற கணக்கரிடம் உதவிக் கணக்கராக என்னை உட்கார வையுங்கள், பட்டம் வந்ததும் என்ன சம்பளம் என்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அதற்குள் டேலி என்ற கணக்கு மென்பொருளும் ஜிஎஸ்டியும் மூன்று மாத வகுப்பில் கற்றுக்கொள்ளுங்கள். ஏற்றுமதிக் கம்பெனியில் ஜிஎஸ்டி ரீஃபண்டுக்குப் பில் பில்லாக அடுக்கித் தர ஆள் தேவை, அந்த வேலை தெரிந்தவரைச் சீக்கிரம் விட மாட்டார்கள். பட்டம் வருவதற்கு முன்பே இரண்டாயிரம் ஏறினாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

மேனேஜர் சொன்ன 18,000 வந்தால் வருடம் 84,000 கூடுதல், நாலைந்து மாதத்திலேயே படிப்புச் செலவு திரும்பிவிடும். 14,000-தான் என்று இறங்கினாலும் வருடம் 36,000 கூடும், ஒரு வருடத்துக்குள் செலவு அடைந்துவிடும். ஒன்றுமே ஏற்றாவிட்டால் பி.காம்., டேலி, பத்து வருட அனுபவம் மூன்றையும் எடுத்துக்கொண்டு பக்கத்துக் கம்பெனியில் கேளுங்கள். வேறு கம்பெனிக்கு மாறினாலும் பழைய பி.எஃப். எண்ணையே தொடரச் சொல்லுங்கள், பென்ஷனுக்கான வருடங்கள் விட்டுப்போகாது.