விலை கேட்டது யாரிடம்?

கேள்வி: எங்கள் ஆய்வகத்துக்கு வரும் அரசு நிதியில் ஒரு பகுதி, 'பரிசோதனைச் செலவு' என்று ஒரு தனியார் கம்பெனிக்குப் போகிறது. அதில் எங்கள் பேராசிரியருக்கும் பங்கு உண்டு. கேட்டால், "கண்டுபிடிப்பு மக்களிடம் போய்ச் சேர வேண்டாமா?" என்கிறார். இது சரியா?
- ஓர் ஆய்வு மாணவி

பதில்: சேர வேண்டும்தான். பல்கலைக்கழகமே மாத்திரை தயாரித்து விற்க முடியாது. ஒரு கம்பெனி முதல் போட்டாக வேண்டும். அரசுப் பணத்தில் கண்டுபிடித்ததற்குப் பல்கலைக்கழகம் காப்புரிமை எடுத்துக் கம்பெனிக்கு உரிமம் தரலாம் என்று அமெரிக்காவில் 1980-லேயே பேய்-டோல் சட்டம் வழி செய்தது. மக்களுக்குக் கிடைக்காமல் போனால் அரசு தலையிடலாம் என்று ஒரு ஷரத்தும் அதில் உண்டு. ஷரத்து காகிதத்தில்தான் இருக்கிறது. புராஸ்டேட் புற்றுநோய்க்கான என்சலூட்டமைடு, அரசு நிதியோடு பல்கலைக்கழகத்தில் பிறந்த மருந்து. விலை தாங்கவில்லை, தலையிடுங்கள் என்று நோயாளிகள் கொடுத்த மனுவை 2023-ல் அரசு நிராகரித்துவிட்டது.

ஆனால் உங்கள் பேராசிரியர் பேசுவது கண்டுபிடிப்பு வெளியே போவதைப் பற்றி. நீங்கள் கேட்பதோ பணம் வெளியே போவதைப் பற்றி. இரண்டையும் அவர் ஒரே மூட்டையாகக் கட்டுகிறார்.

நான் ஆய்வுத் திட்டங்களுக்குக் கணக்கு எழுதிய ஆள். ஒருமுறை ஒரு கம்பெனியின் பில் வந்தது. அதிலிருந்த தொலைபேசி எண்ணை எங்கோ பார்த்த ஞாபகம். விடுப்பு விண்ணப்பக் கோப்பைப் புரட்டினேன். எங்கள் பேராசிரியரின் வீட்டு எண். கம்பெனி அவர் மனைவி பெயரில் இருந்தது. கேட்டதற்கு அவர் கோபப்படவில்லை. "வேலை நடந்ததா, இல்லையா?" என்றார். நடந்திருந்தது, அதுவும் சுத்தமாக. அதனாலேயே எனக்கு வாயடைத்துப் போயிற்று. அப்புறம்தான் உறைத்தது: வேறு யாரிடமும் விலையே கேட்கவில்லை. கேட்டவரும் கொடுத்தவரும் ஒரே வீட்டில் இருந்தால் எப்படிக் கேட்பார்கள்?

அமெரிக்க சுகாதாரத் துறை நிதியில் ஆய்வு செய்பவர், தொடர்புள்ள கம்பெனியில் 5,000 டாலருக்கு மேல் தனக்கோ மனைவிக்கோ குழந்தைக்கோ ஆதாயம் இருந்தால் பல்கலைக்கழகத்திடம் அறிவிக்க வேண்டும்; பங்குச் சந்தையில் இல்லாத கம்பெனியென்றால், பங்கு எவ்வளவு இருந்தாலும் அறிவிக்க வேண்டும். உங்கள் பேராசிரியரும் அப்படி எழுதிக் கொடுத்து, அவருக்குக் கீழே இல்லாத ஒருவர் பில்லை ஒப்புக்கொண்டிருந்தால், எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. எழுதிக் கொடுக்கவில்லையென்றால் தவறுதான், பரிசோதனை எவ்வளவு நன்றாக நடந்திருந்தாலும்.

உங்களுக்கு ஒன்று: வழிகாட்டியோடு நேராக மோதாதீர்கள், பட்டம் அவர் கையில் இருக்கிறது. எந்த நாளில் எந்த வேலை, யாருக்காகச் செய்தீர்கள் என்று ஆய்வகக் குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதி வாருங்கள். கம்பெனி வேலைக்கு உங்களிடம் கையெழுத்து கேட்டால் மட்டும், படித்துப் பார்க்க இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள்.